துணிப் பொம்மைகளா நாம்?



லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு துணிப் பொம்மை இருக்கிறது. ரோமர் ஆட்சிக்கால எகிப்தில் ஏதோ ஒரு குழந்தைக்காகச் செய்தது. உள்ளே கந்தலும் பாப்பிரஸும் திணித்திருக்கிறார்கள். நம் தோட்டத்து லயங்களிலும் கிழிந்த சேலையைச் சுருட்டிப் பேத்திக்குப் பொம்மை செய்து கொடுத்த பாட்டிமார் உண்டு. அந்தப் பொம்மையில் இழிவு எதுவும் இல்லை.

ஆனால் ஒரு மனிதனைத் 'துணிப் பொம்மை' என்றால் அது வசை. முதுகெலும்பு இல்லாதவன், தூக்கி எறிந்தால் விழுந்த இடத்திலேயே கிடப்பவன் என்று பொருள்.

1950களில் மலாயாவில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. வேலையோடு வீட்டையும் இழந்த நம் தொழிலாளர்களை அப்படித்தான் எடைபோட்டார்கள். விற்றவரும் அவர்களைக் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

ஆனால் நடந்தது என்ன? 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதே தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது!

வாசகர்களே, நாளை உங்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரலாம். உடனே கையெழுத்துப் போடாதீர்கள். படித்துப் பொருள் கேளுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கூட்டமாகப் போய்ப் பேசுங்கள். நம்மைத் தூக்கி எறிய நினைப்பவர், நாம் எழுந்து நிற்பதை முதலில் பார்க்கட்டும்.