பயமில்லாமல் தொட ஒரு போர்டு



மைக்ரோகன்ட்ரோலர் லேபில் ஒரு கிட்டைச் சுற்றி ஐந்து பேர் நிற்கிறோம். ஒருவர் பட்டனை அழுத்த, ஒருவர் ரெக்கார்டில் எழுத, மீதிப் பேர் வேடிக்கை பார்க்கிறோம். "தொடாதடா, போர்டு போனா யாரு கட்டறது?" என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் கொஞ்சம் அதிகம். பயந்த கை எப்படித் தொழில் கற்கும்?

ஆகவே என் கருத்து இதுதான்: நாமே ஒரு சிமுலேட்டர் எழுத வேண்டும், அதில் டிபக்கரை இணைத்துப் பழக வேண்டும்.

மூலனூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. பனியன் கம்பெனியில் சாம்பிள் பீஸ் ஓகே ஆன பிறகுதானே கட்டிங் போடுவார்கள்? வெட்டிய பிறகு அளவு தப்பு என்றால் துணி வீண். சிப்பும் அப்படித்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் வடிவமைத்த 'சக்தி' பிராசஸர் 2018-ல் சண்டிகரில் 180 நானோமீட்டர் சிப்பாக வந்தது. அதன் வழியில், இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஐரிஸ்' சிப் 2025-ல் அறிவிக்கப்பட்டது. எந்தச் சிப்பையும் தயாரித்த பிறகு உள்ளே கைவைத்துத் திருத்த முடியாது. அதனால்தான் முதலில் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

சக்தி பின்பற்றுவது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதி. அதன் அடிப்படை 32-பிட் வடிவில் 40 கட்டளைகளே. மெமரிக்கு ஓர் அர்ரே, 32 ரிஜிஸ்டருக்கு ஓர் அர்ரே, ஒரு புரோகிராம் கவுன்ட்டர், சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு லூப். நாம் படித்த சி மொழியே போதும்.

டிபக்கருக்கும் செலவில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் எழுதிய ஜி.டி.பி. இன்றும் இலவசம். அது வெளியில் உள்ள கருவியோடு எளிய எழுத்துகளில் பேசும். டாலர் குறி, கட்டளை, ஹாஷ் குறி, கடைசியில் இரண்டு இலக்கச் சரிபார்ப்புத் தொகை. சின்ன 'ஜி' வந்தால் ரிஜிஸ்டர்களைக் கேட்கிறது. 'எம்' வந்தால் மெமரியை. 'எஸ்' வந்தால் ஓர் அடி நகரச் சொல்கிறது. 'சி' வந்தால் ஓடச் சொல்கிறது. சின்ன 'ஜி'யின் ஆஸ்கி மதிப்பு ஹெக்ஸில் 67. ஆகவே அதன் தொகையும் 67. நம் சிமுலேட்டர் ஒரு போர்ட்டைத் திறந்து, இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். தெரியாத கட்டளைக்கு வெறும் பாக்கெட்டை அனுப்பலாம், ஜி.டி.பி. கோபித்துக்கொள்ளாது! ரிஜிஸ்டர்களின் வரிசையும் பைட்டுகளின் வரிசையும் மட்டும் சரியாக இருக்க வேண்டும். மாறினால் திரையில் தெரியும் எண்கள் எல்லாம் பொய்.

"சிமுலேட்டரில் ஓடுவது போர்டில் ஓடுமா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். மின் இரைச்சலையும் லூஸ் கனெக்‌ஷனையும் அது காட்டாது. போர்டுக்கு அது மாற்றும் அல்ல. ஆனால் போர்டின் முன் உட்காரும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கும்.

"டிப்ளமோக்காரனுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்பவர்களும் உண்டு. திருப்பூரில் கம்ப்யூட்டர் நிட்டிங் மெஷின் நின்றால் என்ன நடக்கிறது? கார்டைக் கழற்றிப் புதிதாக மாட்டுகிறார்கள். மாட்டுகிற வேலை மட்டும் நமக்குப் போதுமா? ஏன் நின்றது என்று சொல்கிற ஆளாக நாம் வளர வேண்டாமா?

மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் இரண்டு சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் லேபைக் கேட்டு வாங்கித் தாருங்கள். பழைய கம்ப்யூட்டரே போதும். சீனியர்கள் இதைப் புராஜெக்டாக எடுத்து, ஜூனியர்களையும் சேர்த்துக்கொள்ளட்டும். சிமுலேட்டரில் நூறு முறை தப்பு செய்தாலும் யாரும் பணம் கட்டச் சொல்லப் போவதில்லை. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய லேப் எது?

முயல்வோம் நண்பர்களே!