தண்ணீர் குடிக்கப் பயப்படும் அம்மாக்கள்!

பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்கு பஸ் ஏறும் நாளில், காலையிலிருந்தே தண்ணீரைத் தொடாத பெண்கள் உண்டு. நடுவழியில் 'அவசரம்' வந்துவிட்டால் எங்கே இறங்குவது என்ற பயம்தான். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக, 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால், ஐம்பதைத் தாண்டிய அம்மாக்களில் பலர் அந்தத் தண்ணீரையும் அளந்துதான் குடிக்கிறார்கள்.

அடிக்கடி சிறுநீர் வருவது, எரிச்சல், தும்மினால் கசிவது... கேட்டால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். வயது மட்டுமே காரணமல்ல; மெனோபாஸுக்குப் பிறகு குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் ஒரு காரணம்.

இதைப் புரியவைத்ததில் ஆய்வக எலிகளுக்கும் முயல்களுக்கும் பங்கு உண்டு. பெண் விலங்குகளின் சினைப்பைகளை அகற்றிப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பைக்கான ரத்த ஓட்டம் குறைந்தது. சுருங்கி விரியும் தசை குறைந்து, விறைப்பான நார்த்திசு கூடியது. ஈஸ்ட்ரோஜனைத் திரும்பக் கொடுத்ததும் தசை மறுபடி வளர்ந்தது. கருப்பைக்கு மட்டுமல்ல, சிறுநீர்ப்பைக்கும் இந்த ஹார்மோன் தேவை என்பது தெளிவானது.

மனிதர்களுக்கும் இது பொருந்துமா? மெனோபாஸுக்குப் பின் அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்த 93 பெண்களிடம் நடந்த ஆய்வு 1993-ல் வெளியானது. பிறப்புறுப்பில் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பூசியவர்களுக்குத் தொற்று வருடத்துக்குச் சராசரியாக 0.5 முறை, மருந்தில்லாத க்ரீம் பூசியவர்களுக்கு 5.9 முறை!

அதற்காக, ஹார்மோன் மாத்திரையை வாங்கி விழுங்கிவிடக் கூடாது. அமெரிக்காவில் 27,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005-ல் வந்தது. அதில், மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீர்க் கசிவு அதிகமாகவே ஆனது. அதே ஹார்மோன்தான், ஆனால், உடலுக்குள் போகும் வழி மாறினால் பலனும் மாறுகிறது. எனவே க்ரீமையும் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், மெனோபாஸுக்குப் பிறகு ரத்தப்போக்கு உள்ளவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் கூடும், தொற்றுக்கும் வழி பிறக்கும். கசிவுக்கு எளிய பயிற்சி உண்டு: சிறுநீரை அடக்குவதுபோல இடுப்படித் தசையை 5 விநாடிகள் இறுக்கி, தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 10 தடவை, தினமும் 3 வேளை. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. சர்க்கரைநோய் இருந்தாலும் அடிக்கடி சிறுநீர் வரும் என்பதால், ரத்தப் பரிசோதனையும் அவசியம். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நலப் பிரிவில் இதைத் தயங்காமல் சொல்லலாம். அம்மா வாய் திறக்கவில்லை என்றால், மகளோ மருமகளோ கேட்கலாம். வெளியூர்க் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று அவர் சொல்வதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.