விலகி இடம்விடும் கலங்கள்

உங்கள் கைவிரல்களைச் சற்று விரித்துப் பாருங்கள். தாயின் கருவறையில் அந்தக் கை உருவாகத் தொடங்கியபோது விரல்கள் தனித்தனியாக இருக்கவில்லை. சிறு துடுப்பைப் போன்றே அது இருந்தது. விரல்களுக்கு இடையே இருந்த கலங்கள் உரிய வேளையில் தாமாகவே மடிந்தன. அதனாலேயே விரல்கள் பிரிந்தன. இன்று நம்மால் எழுதவும் செபமாலை மணிகளை உருட்டவும் முடிகின்றது.

கலங்கள் சேர்ந்து இழையமாகவும், இழையங்கள் அங்கமாகவும், அங்கங்கள் தொகுதிகளாகவும், அவை யாவும் இணைந்து ஓர் அங்கியாகவும் அமைகின்றன என நம் பிள்ளைகள் விஞ்ஞான பாடத்தில் கற்கின்றனர். இவ்வொழுங்கு கலங்கள் பெருகுவதால் மட்டும் உண்டாவதன்று. சில கலங்கள் விலகுவதாலும் உண்டாகின்றது. மண்ணில் வாழும், ஒரு மில்லிமீற்றர் நீளமே உள்ள ஒருவகை இருபாலான வட்டப்புழுவில், வளர்ச்சியின்போது தோன்றும் 1,090 உடற்கலங்களுள் 131 மடிய, 959 எஞ்சுகின்றன. இதனை ஆராய்ந்து விளக்கிய சிட்னி பிரென்னர், றொபேட் ஹோர்விட்ஸ், ஜோன் சல்ஸ்டன் ஆகியோர் 2002 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். மடிய வேண்டிய வேளையில் மடிய மறுத்துப் பெருகும் கலங்களோ புற்றுநோய்க்கு வழிவகுக்கின்றன.

திருச்சபையின் ஒற்றுமையை உடலையும் உறுப்புகளையும் காட்டிக் கொரிந்தியருக்கு விளக்கினார் புனித பவுல். நம் பங்குச் சபைகளிலும் பக்திச் சபைகளிலும் ஒரே பொறுப்பை ஆண்டுக்கணக்காக வகிப்போர் உளர். அவர்களது உழைப்பை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் இளையோர் ஏன் முன்வருவதில்லை எனக் கேட்கும் நாம், அவர்கள் அமர்வதற்கு ஓர் இருக்கையையாவது ஒழித்துக் கொடுத்தோமா?

விலகும் விதமும் முக்கியமானது. காயத்தால் வெடித்துச் சிதையும் கலம் அயலிலும் அழற்சியை ஏற்படுத்தும். ஒழுங்காக மடியும் கலமோ தன்னைச் சிறு பொதிகளாகச் சுருக்கிக்கொள்ளும். அயலிலுள்ள கலங்கள் அவற்றை உள்வாங்கி மீளப் பயன்படுத்தும். கணக்குப் புத்தகத்தைக் கையளிக்காது கோபத்துடன் வெளியேறுவது முதலாவது வகை. அறிந்தவற்றைக் கற்றுக்கொடுத்து விலகுவது இரண்டாவது வகை. மூத்தோரின் அனுபவத்தை உள்வாங்கிக்கொள்வதே இளையோரின் கடமை. அவர்களை ஓரந்தள்ளுவது அன்று.

தம் சீடர் இருவர் இயேசுவைப் பின்சென்றபோது திருமுழுக்கு யோவான் அவர்களைத் தடுக்கவில்லை. இயேசுவைச் சுட்டிக்காட்டியவரே அவர்தாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் உங்கள் பெயர் மீண்டும் முன்மொழியப்படுமாயின், ஓர் இளையவரின் பெயரைச் சொல்லுங்கள். அவர் அருகே இருந்து அப்பணியைப் பழக்குங்கள்.