"நமக்கெல்லாம் ஒத்துவராது" என்பது ஒரு காரணமே அல்ல

நன்றாகப் படம் போடுகிற பிள்ளை ஒன்று எல்லாத் தெருவிலும் உண்டு. சுவரில் அம்பேத்கரை வரைவது அவர்தான். சாவு வீட்டுக்கு அவசரமாக ஃபிளக்ஸ் முடித்துக் கொடுப்பதும் அவர்தான். பெரும்பாலும் வீட்டின் முதல் பட்டதாரியாக இருப்பார். முதுகலையில் கலையோ வடிவமைப்போ படிக்கலாமா என்று அவர் யோசிக்கத் தொடங்கியதும் இரண்டு குரல்கள் கேட்கும். வீட்டிலிருந்து ஒன்று: "இன்னும் ரெண்டு வருசம் படம் வரைஞ்சு என்னப்பா பண்ணப் போற? குரூப் ஃபோர் எழுது." வெளியிலிருந்து ஒன்று: "அதுக்கெல்லாம் ஒரு எக்ஸ்போஷர் வேணும் பிரதர்."

இந்த இரண்டு குரல்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டின் குரலில் இருப்பது பணத்தைப் பற்றிய பயம். அது நியாயமானது. அதற்குக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது குரல் வேறு. மருத்துவத்திலும் பொறியியலிலும் 'தகுதி, திறமை' என்று பேசிப் பழகியவர்கள், கலைக்கு வந்ததும் 'எக்ஸ்போஷர், டேஸ்ட்' என்கிறார்கள். சொல் மாறியிருக்கிறது, அது செய்கிற வேலை மாறவில்லை. சிறுவயதில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போக ஆள் இருந்தது, அலமாரியில் ஆங்கிலப் புத்தகம் இருந்தது, கோடை விடுமுறையில் ஓவிய வகுப்பு இருந்தது எல்லாம் குடும்பச் சொத்து. அந்தச் சொத்தைத்தான் பிறவித் திறமை என்று கணக்கு எழுதுகிறார்கள்.

ஆகவே, 'இந்தப் படிப்பு எனக்குப் பொருந்துமா?' என்று கேட்கும்போது அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு கேள்வியை முதலிலேயே தூக்கி எறிந்துவிடலாம்: 'அந்த இடத்துக்கு நான் பொருத்தமானவனா?' மிச்சம் இருப்பதுதான் உண்மையான கேள்வி: 'என் வேலைக்கு அந்த இடம் பயன்படுமா?' இதற்கு 'இல்லை' என்றும் விடை வரலாம். வந்தால் அது நீங்கள் யோசித்து எடுத்த முடிவு. 'நமக்கெல்லாம் ஒத்துவராது' என்பதோ உங்களுக்காக வேறு யாரோ என்றைக்கோ எடுத்து வைத்த முடிவு.

செம்பும் குவளையும்

1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்துதான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து எழுதிய பொருள், நம் வீட்டுத் தண்ணீர்ச் செம்பு. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எந்தக் கைகள் அதைத் தூக்கும், தலையிலா இடுப்பிலா எதில் சுமப்பார்கள், ஊற்றும்போது நீர் எப்படி விழும், என்ன விலை ஆகும் என்று கேள்விகளை அடுக்கினார்கள். எல்லாம் நல்ல கேள்விகள். ஆனால் இந்த நாட்டில் அந்தச் செம்பைப் பார்த்ததும் எழ வேண்டிய கேள்வி அந்த வரிசையில் இல்லை: அதிலிருந்து யார் குடிக்கலாம்?

தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையும் ஒரு வடிவமைப்புதான். ஊரையும் சேரியையும் பிரிக்கிற பாதை, தனிச் சுடுகாடு, மனிதர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் விடப்பட்ட மலக்குழி, இவை எதுவும் தானாக முளைத்தவை அல்ல. யாரோ யோசித்து அமைத்தவை. இதைப் பார்த்த உடனே அடையாளம் காண்கிறவர், அந்த இன்னொரு குவளையில் குடித்தவரின் பிள்ளைதான். உங்களிடம் எக்ஸ்போஷர் இல்லை என்று சொல்கிறவரிடம் இந்த எக்ஸ்போஷர் இல்லை.

ஆனால் அனுபவம் இருப்பதாலேயே படிப்பு பொருந்திவிடாது. அந்த அனுபவத்திலிருந்து நீங்கள் செய்ய விரும்பும் வேலை என்ன, அதைச் செய்ய உங்களிடம் இல்லாதது என்ன, அது அந்த வகுப்பறையில் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

எந்தப் படிப்பு எதைத் தரும்

முதுகலை என்று பொதுவாகச் சொன்னாலும் எம்.எஃப்.ஏ.வும் எம்.டெஸ்.ஸும் வேறு வேறு. எம்.எஃப்.ஏ. உங்கள் சொந்தப் படைப்பை வளர்த்துக்கொள்ள இரண்டு ஆண்டு இடமும் நேரமும் கொடுக்கிறது. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை போன்றவற்றில் ஏற்கெனவே பி.எஃப்.ஏ. முடித்தவர்களுக்கானது. முடித்ததும் வேலை காத்திருக்காது. காட்சிக்கலைப் பாடத்தில் நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராகும் வழி உண்டு. நம் பிள்ளைகளை மதிப்பிடும் நாற்காலியில் நம்மவர் உட்காரும் வழியும் அதுதான்.

எம்.டெஸ்.ஸில் அடுத்தவர்களின் தேவையை ஆராய்ந்து தீர்வு கண்டுபிடிக்க வேண்டும். பொருள், எழுத்துரு, செயலி, அனிமேஷன், துணி என்று பிரிவுகள் உண்டு. நிறுவன வேலைக்கு நேராகப் போகிற படிப்பு. சம்பளத்துக்காக அதைப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'கலைஞன் காசைப் பற்றிப் பேசக் கூடாது' என்பது காசு இருந்தவர்கள் கண்டுபிடித்த விதி.

இதை ஒரு மாதத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம். ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்தும் வடிவமைப்புப் பாடங்கள் என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் தளங்களில் இலவசமாக இருக்கின்றன. ஒன்றை எடுத்து, உங்கள் தெருவில் உள்ள ஒரு சிக்கலை, ரேஷன் கடை வரிசையையோ தண்ணீர்க் குழாயடியையோ, நான்கு வாரம் தொடர்ந்து கவனித்து, பத்துப் பேரிடம் பேசி, வரைந்து, தவறி, மறுபடி வரைந்து பாருங்கள். அடுத்தவரின் சிக்கலோடு உட்கார்ந்திருப்பது பிடித்தால் எம்.டெஸ். உங்களுக்கானது. 'இதை விடுங்கள், எனக்குள் இருக்கிற படத்தை வரைய வேண்டும்' என்று கை பரபரத்தால் வழி வேறு.

வாசலில் இருக்கும் படிகள்

ஐ.ஐ.டி.களிலும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் எம்.டெஸ். சேர, பெரும்பாலும் மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் சி.இ.இ.டி. தேர்வு எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளில் அக்டோபரில் விண்ணப்பம் தொடங்கி ஜனவரியில் தேர்வு நடக்கிறது. வயது வரம்பு இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், பெண்களுக்குக் கட்டணம் பாதிதான். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் இரண்டாம் பகுதி முழுக்கக் கையால் வரைந்து விளக்குவது. அங்கே ஆங்கிலத்தின் அதிகாரம் கொஞ்சம் குறையும்.

மூன்று இடங்களில் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, தேர்வு எழுத 3 ஆண்டுப் பட்டம் போதும் என்பதைப் பார்த்துவிட்டு, சேர்வதற்கும் அதுவே போதும் என்று நினைத்துவிடுவது. சேர்க்கை விதி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. 4 ஆண்டுப் பட்டம் கேட்கும் துறைகள் உண்டு. நிஃப்டின் எம்.டெஸ்.ஸுக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். இரண்டு, தேர்வில் தேறியதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியாக விண்ணப்பித்து, நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பையும் நேர்காணலையும் தாண்ட வேண்டும். மூன்று, சான்றிதழ். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சான்றிதழை வைத்து மத்திய நிறுவனத்தில் ஓ.பி.சி. இடம் கேட்க முடியாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்ற குறிப்போடு, தனியாக வாங்க வேண்டும்.

மத்திய நிறுவனங்களில் எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5, ஓ.பி.சி.க்கு 27 விழுக்காடு இடங்கள் சட்டப்படி உள்ளன. போராடிப் பெற்ற இடங்கள் அவை. அதில் சேர்வதற்குக் கூச்சப்பட வேண்டாம். பெரும்பாலான தனியார் வடிவமைப்புப் பள்ளிகளில் இந்த இடஒதுக்கீடே இல்லை. விளம்பரத்தில் எல்லோரையும் வரவேற்பார்கள். கட்டணப் பட்டியலைப் பார்த்தால் எல்லோரும் என்றால் யார் என்று புரிந்துவிடும்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு

கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை. மடிக்கணினி, மென்பொருள், வண்ணம், கேன்வாஸ், அச்சு, கண்காட்சிக்குச் சட்டகம், சிற்பம் என்றால் உலோகம், விடுதி, சாப்பாடு. கல்விக் கட்டண விலக்கு இவற்றில் எதையும் தொடாது. இரண்டு ஆண்டு நீங்கள் வீட்டுக்குக் கொடுக்காமல் போகும் சம்பளத்தையும் செலவில் எழுதுங்கள். நம் வீடுகளில் அதுதான் பெரிய செலவு.

எஸ்.சி. மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் 'டாப் கிளாஸ்' திட்டம் இருக்கிறது. நீங்கள் சேரும் நிறுவனம் அதன் பட்டியலில் உள்ளதா என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள். எந்த உதவித்தொகையும் முதல் பருவத்தில் கைக்கு வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். முதல் ஆறு மாதத்தை வேறு பணத்தில் ஓட்டும் வழி இருக்கட்டும்.

கடன் என்றால் ஒரு கணக்கு: 6 லட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுகளில் கட்ட, மாதத் தவணை ஏறத்தாழ 10,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி சேர்ந்தால் இன்னும் கூடும். அந்தப் படிப்பை முடித்த சீனியர்கள் மூன்று பேரிடம் முதல் வேலையின் சம்பளத்தைக் கேளுங்கள். அதில் வாடகையும் சாப்பாடும் வீட்டுக்கு அனுப்புவதும் போக 10,000 மிஞ்சுமா? மிஞ்சாது என்றால் அந்தக் கல்லூரியைத் தள்ளிவைக்கலாம். ஆசையை அல்ல.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எஸ்.சி. உள்ளிட்டோருக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளை 2022இல் ஒன்றிய அரசு மாற்றியது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு அந்தப் பணம் கிடையாது என்றது. சாதியைப் பற்றி வெளியே போய்ப் படிக்கத் தலித் மாணவருக்குப் பணம் தரமாட்டோம் என்பதுதான் இதன் பொருள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அங்கே யார் இருக்கிறார்கள்?

இந்தப் படிப்புகளில் 'ஜூரி' என்று ஒன்று உண்டு. ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, உங்கள் வேலையை நீங்கள் நின்று விளக்க வேண்டும். விடைத்தாளில் பெயரை மறைக்கலாம். இங்கே முகம், பேச்சு, ஊர் எதையும் மறைக்க முடியாது. எனவே அந்த வரிசையில் யார் உட்காருகிறார்கள் என்பது முக்கியம். ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். எஸ்.சி./எஸ்.டி. செல் பெயருக்காவது இருக்கிறதா, புகார் கொடுத்தால் யார் விசாரிப்பார்கள் என்று கேளுங்கள். ஒதுக்கீட்டில் சேர்ந்த சீனியர் ஒருவரைத் தேடிப் பேசுங்கள். நிறுவனத்தின் விளம்பரப் புத்தகம் சொல்லாததை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல படிப்புகளில் கைவினைக் கிராமத்துக்குப் போய் ஆவணப்படுத்துவது ஒரு பாடம். அந்த ஆவணங்களில் மண்பாண்டம் செய்தவருக்கும் தோல் தைத்தவருக்கும் பெயர் இருக்கிறதா? அல்லது அவர் 'ஆர்ட்டிசன்', படம் எடுத்த மாணவர் 'டிசைனர்' என்று இருக்கிறதா? உங்கள் அம்மா அப்பாவின் வேலையை அந்த இடம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு இது நல்ல சோதனை.

போனவர்களும் போகாதவர்களும்

நாக்பூரைச் சேர்ந்த அம்பேத்கரிய ஓவியர் சவி சவார்கர் பரோடாவில் முதுகலை படித்தவர். கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்க வைக்கப்பட்ட மனிதரை இந்திய ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். பா. இரஞ்சித், 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து, அந்தப் பயிற்சியோடு சினிமாவுக்குப் போனார். மதுரை ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த, மீன் விற்கும் தாயின் மகனான எம். பழனிக்குமார் படித்தது பொறியியல். மலக்குழி மரணங்களை அவரைப் போலப் படம் பிடித்தவர்கள் சிலரே.

முதுகலை ஒருவருக்குப் பயன்பட்டது, ஒருவருக்கு இளங்கலையே போதுமானதாக இருந்தது, ஒருவருக்குக் கலைப் பட்டமே தேவைப்படவில்லை. மூவரிடமும் பொதுவாக இருப்பது, எதைச் சொல்ல வேண்டும் என்ற தெளிவு. படிக்காமலும் கற்றுக்கொள்ள இடங்கள் உண்டு. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் கலைஞர்கள் பயன்படுத்தும் பட்டறைகள் இருக்கின்றன. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

போவதோ போகாமலிருப்பதோ, இரண்டும் சரியான முடிவாகலாம். கணக்குப் பார்த்து, இடத்தைப் பார்த்து, உங்கள் வேலையைப் பார்த்து 'வேண்டாம்' என்றால் அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் கணக்கைத் தொடாமலே, 'அது அவங்க படிக்கிற படிப்பு' என்று பின்வாங்கினால், காலியாக விடப்படும் அந்த நாற்காலியில் உட்கார ஆள் தயாராக இருக்கிறார். செம்பைப் பார்த்து எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டு, அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் விடுகிற ஆள்.

அக்டோபருக்கு முன் செய்ய வேண்டியது இரண்டுதான். இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். தெருக் குழாயடியில் நான்கு வாரம் நோட்டுப் புத்தகத்தோடு நில்லுங்கள். உங்களுக்கான விடை அந்த நோட்டில் இருக்கும்.