‘ம்’ கொட்டும் அசிஸ்டென்ட்

கதை கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் சொல்கிறவருக்குச் சுருதி இறங்கிவிடும். ஆனால் ஒரு கொலைக் கேஸில், “பிணம் கிடந்த ரூமைப் பார்க்கணும்ப்பா” என்று மேலதிகாரி சொல்லும்போது, பக்கத்தில் நிற்கிற அசிஸ்டென்ட் ‘ம்...’ என்றால்? “கதவை உடைச்சது யாரு?” ‘ம்...’ “வாட்ச்மேனைக் கூப்பிடு.” ‘ம்...’

2023 ஏப்ரலில் இப்படி ஒரு அசிஸ்டென்ட்டை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது ஸ்கொயர் எனிக்ஸ் என்கிற ஜப்பான் கம்பெனி. தன்னுடைய பழைய துப்பறியும் கம்ப்யூட்டர் கேமான ‘போர்ட்டோபியா தொடர் கொலை வழக்’கைப் புதுப் படங்களோடு, செயற்கை அறிவு சேர்த்து, ஸ்டீம் என்கிற இணையக் கடையில் வைத்தது. ஓசியில் வருவதை யாரும் அவ்வளவாகத் திட்ட மாட்டார்கள். இதைத் திட்டித் தீர்த்தார்கள். ஆடியவர்கள் போடுகிற மார்க்கில் சீக்கிரமே ‘மிகவும் மோசம்’ வகையறாவில் சேர்ந்துவிட்டது.

மார்க் போட்டவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அடி யார் முதுகில் விழுந்தது என்பதில்தான்.

ஒரிஜினல் கேம் 1983-ல் வந்தது. எழுதியவர் யூஜி ஹோரி. பின்னால் 1986-ல் ‘டிராகன் குவெஸ்ட்’ செய்து ஜப்பானையே ஆட்டிவைத்தாரே, அவர்தான். கோபே நகரம். வட்டிக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி முதலாளி, உள்பக்கம் பூட்டிய அறையில் செத்துக் கிடக்கிறார். (பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வட்டிக்கடைக்காரர் செத்தால் சந்தேக லிஸ்ட் தனியாகத் தயாரிக்க வேண்டாம். கடன் லெட்ஜரைப் புரட்டினால் போதும்.)

இதில் நீங்கள்தான் அதிகாரி. உங்கள் முகம் திரையில் வராது. உத்தரவு போடுவது மட்டும்தான் உங்கள் வேலை. போவது, கேட்பது, தேடுவது, ஆளைக் கூப்பிட்டு வருவது எல்லாம் யாசு என்கிற அசிஸ்டென்ட். ஆபீசில் பத்து வருஷமாக நாம் கண்ட கனவு!

முதலில் உத்தரவைக் கம்ப்யூட்டரில் டைப் செய்ய வேண்டியிருந்தது. எந்த வார்த்தை அதற்குப் புரியும் என்று கண்டுபிடிப்பதே ஒரு தனிக் கேஸ். 1985-ல் ஃபேமிகாம் என்ற டி.வி. கேம் பெட்டிக்கு அதை மாற்றினார்கள். அதில் கையில் பிடிப்பது நாலைந்து பொத்தான் வைத்த சின்னக் கட்டை. எங்கே போய் டைப் அடிக்க? அதனால் திரையிலேயே வரிசையாக எழுதிவிட்டார்கள். போ, கேள், தேடு, காட்டு, கைது செய்... ‘அடி’ என்றுகூட ஒன்று உண்டு, போலீஸ் கதையல்லவா. ஹோட்டல் மெனு கார்டு மாதிரி. இருப்பது இதுதான், இதில் சொல்லுங்க ஸார். ஏழு லட்சத்துக்கு மேல் விற்றது. விஷுவல் நாவல் என்று இன்றைக்குச் சொல்கிற ஜாதிக்கே பாட்டன் என்கிறார்கள். ‘மெட்டல் கியர்’ செய்த ஹிடியோ கோஜிமா, தன்னை இந்தத் தொழிலுக்கு இழுத்த கேம்களில் இதையும் சொல்கிறார்.

கொலைகாரன் பெயர் ஜப்பானில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. நான் சொல்ல மாட்டேன். வாடகை நூலகப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே ‘டாக்டர்தான் கொலைகாரன்’ என்று பென்சிலில் எழுதிவைக்கும் புண்ணியவான்கள் செய்த பாவம் போதும்.

சரி, நாற்பது வருஷம் கழித்து என்ன செய்தார்கள்? அந்த மெனு கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி டைப் அடிக்கச் சொன்னார்கள். ‘இப்போது செயற்கை அறிவு இருக்கிறது, உங்கள் இஷ்டப்படி பேசுங்கள், யாசு புரிந்துகொள்வான்’ என்றார்கள். பேசினோம். ‘ம்...’

காரணம் வேடிக்கையானது. நாம் சொல்வதைப் புரிந்துகொள்ளும் பகுதியை வைத்துக்கொண்டு, சொந்தமாகப் பதில் பேசும் பகுதியைக் கழற்றிவிட்டார்கள். யாசு ஏடாகூடமாக ஏதாவது பேசிவிடுவானோ என்ற பயம். கம்பெனியே இதைச் சொன்னது. ஆக, எழுதிவைத்த பதிலோடு நம் கேள்வி பொருந்தினால் பேசுவான். பொருந்தாவிட்டால் முனகல். “மேஜையைப் பார்” என்று பல விதமாகக் கெஞ்ச வேண்டும். 1983-ன் அதே தலைவலி, ஆனால் அப்போது யாரும் ‘இஷ்டப்படி பேசு’ என்று ஆசை காட்டவில்லை. மெனு கார்டில் இல்லாததைக் கேட்டால் அது நம் அதிகப்பிரசங்கித்தனம். “எது வேணும்னாலும் கேளுங்க ஸார்” என்று சர்வர் சொல்லிவிட்டு, கேட்டதற்கெல்லாம் விட்டத்தைப் பார்த்தால் கோபம் வருமா, வராதா?

கம்பெனி தரப்பில் ஒரு நியாயம் உண்டு. இதை அவர்கள் கேம் என்று விற்கவில்லை; தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் மாதிரி என்றுதான் சொன்னார்கள். அப்படியானால் பெயரில்லாத ஏதோ ஒரு கதையை வைத்துக் காட்டியிருக்கலாமே! ஜப்பானுக்கு வெளியே போர்ட்டோபியா அதுவரை முறையாக வந்ததே இல்லை. ரசிகர்கள் தாங்களாகவே மொழிபெயர்த்து வைத்திருந்ததுதான் கதி. கம்பெனியே இங்கிலீஷில் முதல் தடவையாகத் தந்தது இந்த ‘ம்...’ பதிப்பைத்தான். பேர் மட்டும் கேள்விப்பட்டிருந்த எத்தனையோ பையன்கள் அரை மணி நேரம் மல்லாடிவிட்டு, “இதையா இத்தனை வருஷமா கொண்டாடினாங்க?” என்று அழித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஹோரியின் கதை அவர்கள் கண்ணிலேயே படவில்லை.

திரையின் ஓரத்தில் அந்தப் பழைய மெனுவையும் வைத்திருந்தால் யாசு தப்பித்திருப்பான்.

(‘தப்பித்திருப்பானா?’ என்று கதை தெரிந்தவர்கள் சிரிக்க வேண்டாம்.)