அறிவும் ஓர் அமானத்தே: சர்க்கரை நோயாளிகளின் நோன்பைப் பற்றி

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

நபி (ஸல்) அவர்கள் தொழுகைக்குப் பின் பாதுகாப்புத் தேடியவற்றுள் தள்ளாத முதுமையும் ஒன்று. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள், ஓர் ஆசிரியர் மாணவருக்குக் கற்பிப்பதுபோல் அந்தத் துஆவைத் தம் மக்களுக்குக் கற்பித்தார்கள் என்பதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அறிந்தவை அனைத்தும் நினைவிலிருந்து அகன்றுபோகும் அந்நிலையைத் திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம் 70-ஆம் வசனமும் சுட்டுகிறது. நாமும் அந்தத் துஆவைக் கேட்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்று கற்ற சமுதாயம் நாம். அறிவைக் காக்கும் விஷயத்தில் ஒட்டகத்தைக் கட்டியிருக்கிறோமா என்பதே இங்கே நாம் எழுப்பும் வினா.

சர்க்கரை நோய் என்றதும் ஆறாத கால் புண்ணும் மங்கும் கண்ணும் பழுதாகும் சிறுநீரகமும் நம் நினைவுக்கு வருகின்றன. நினைவையே அது தாக்கும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. மறதி நோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றத்தக்க 14 காரணிகளை வரிசைப்படுத்தியது. சர்க்கரை நோய், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை ஆகிய நான்கும் அவற்றுள் அடங்கும். நம் வீடுகளில் இந்நான்கும் பெரும்பாலும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருப்பதை எவரும் மறுக்கமாட்டார்.

இது எவ்வாறு நிகழ்கிறது? உண்ட உணவு குளுக்கோஸாக இரத்தத்தில் கலக்கும்போது கணையம் இன்சுலின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் குளுக்கோஸ் உட்புகக் கதவைத் திறந்துவிடுவது அதுவே. வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர, அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்களும் அழற்சிப் பொருட்களும் இன்சுலினின் கட்டளையை உயிரணுக்கள் கேளாதவாறு செய்கின்றன. கணையம் மேலும் மேலும் சுரந்து ஒருநாள் களைத்துப்போகிறது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்னும் ஹார்மோனைச் சுரப்பதும் இதே கொழுப்புத் திசுதான். பருமனான உடலில் லெப்டின் மிகுந்திருந்தும் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே வயிறு நிறைந்தும் மனம் நிறைவதில்லை.

உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. அதற்கு உணவு கொண்டுசெல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களை உயர்ந்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. நினைவாற்றலில் பங்குள்ள மூளைப் பகுதிகளிலும் இன்சுலினுக்குப் பணி உண்டு. அந்தப் பணியும் தடைப்படுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என ஆய்வுகள் கூறுவதன் பின்னணி இதுவே.

இது எங்கோ தொலைவிலுள்ள செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உண்டு எனக் கண்டது. திருவெள்ளறையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் வழியில் மண்ணச்சநல்லூரின் அரிசி ஆலைகளைக் கடந்தே செல்கிறோம். அங்கே தவிடு முழுவதும் நீக்கி வெண்மையாகத் தீட்டப்படும் பொன்னி அரிசி நம் மூன்று வேளைத் தட்டையும் நிரப்புகிறது. 21 நாடுகளில் 1,30,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கண்காணித்து 2020-இல் வெளியான ஆய்வு, வெள்ளை அரிசிச் சோற்றை மிகுதியாக உண்போருக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் தெற்காசியாவிலேயே அதிகம் என்றது. அரிசி ஹராமன்று, அளவின்மைதான் கேடு. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை மேடையில் முழங்கிவிட்டு, அதே மண்டபத்தின் வலீமாவில் பிரியாணியும் தாளிச்சாவும் பிரெட் அல்வாவுமாகப் பந்தியை முடிக்கிறோம்.

இனி நோன்புக்கு வருவோம். 13 நாடுகளின் முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் 2001-இல் நடத்தப்பட்ட எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் 79 விழுக்காட்டினர் ரமளானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தனர். ஈமானின் உறுதிக்கு இது சான்று, அல்ஹம்து லில்லாஹ். ஆயினும் அதே ஆய்வு, சர்க்கரை அபாயகரமாகத் தாழும் நிகழ்வுகள் அம்மாதத்தில் அவர்களிடையே ஏழரை மடங்கு பெருகியதையும் பதிவு செய்தது. மூளைக்கு உயர்ந்த சர்க்கரை மெல்லக் கொல்லும் நஞ்சு என்றால், தாழ்ந்த சர்க்கரை அதைப் பட்டினி போடுகிறது. கலிஃபோர்னியாவில் 16,000-க்கும் மேற்பட்ட முதிய சர்க்கரை நோயாளிகளைக் கண்காணித்து 2009-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனைக்குச் செல்லுமளவு சர்க்கரை தாழ்ந்தவர்களிடம் பிற்காலத்தில் மறதி நோய் கூடுதலாகக் காணப்பட்டது. அவ்வாறு தாழ்ந்த தடவைகள் கூடக் கூட அபாயமும் கூடியது.

இந்நிலையில் நம் வீடுகளில் நடப்பது என்ன? மருத்துவர் வேண்டாமென்று எச்சரித்த பிறகும் பெரியவர் நோன்பு நோற்கிறார். மாத்திரையைத் தாமே கூட்டுகிறார், தாமே குறைக்கிறார். பிற்பகலில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினாலும், "இஃப்தாருக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தானே" என்று பொறுத்துக்கொள்கிறார். 'அவரே நோன்பை விட்டுவிட்டாரா?' என்று கேட்கும் உறவினரின் நாவுக்கு அஞ்சியே பலர் இவ்வாறு செய்கின்றனர். இந்த அச்சம் இறையச்சம் ஆகாது.

நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை அளித்தவன் அல்லாஹ். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்கள் அதற்குத் தெளிவான ஆதாரம். குணமாகும் வாய்ப்புள்ளவர் பின்னர் களா செய்யலாம். அவ்வாய்ப்பு இல்லாதவர் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா நிறைவேற்றலாம். மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தைக் காப்பது ஷரீஅத்தின் நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் அல்முஸ்தஸ்ஃபாவில் வகுத்துரைத்தார்கள். ஆகவே தம் அறிவுக்குக் கேடு வரும் என்று அறிந்து சலுகையை ஏற்பவர் இபாதத்தில் குறைந்தவர் அல்லர். அவர் ஓர் அமானத்தைக் காப்பவர்.

சர்க்கரை நோயாளிகள் அனைவரும் நோன்பை விட வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. நோய் கட்டுக்குள் இருக்கும் பலர் மருத்துவரின் மேற்பார்வையில் தீங்கின்றி நோற்கின்றனர். ரமளானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைச் சந்தித்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றியமைக்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். அதாவது ரஜப் மாதத்திலேயே அந்த வேலை தொடங்க வேண்டும். நோன்பிருக்கும்போது சர்க்கரை 70-க்குக் கீழிறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பைத் துறக்குமாறும் அது கூறுகிறது. விரலில் ஊசி குத்திச் சர்க்கரையைச் சோதிப்பது நோன்பை முறிக்காது. இன்சுலின் ஊசியும் முறிக்காது என்பதே இக்கால ஃபிக்ஹ் அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ரஜப், ஷஅபான் மாத ஜுமுஆ பயான்களுள் ஒன்றையேனும் இதற்கு ஒதுக்கலாம். ஒரு மருத்துவரை அழைத்துப் பள்ளிவாசலிலேயே பரிசோதனை நடத்தலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதில் பெயர் பதியாத முதியோர் மஹல்லாவில் இருந்தால் பதிவு செய்ய உதவலாம். இஃப்தார் மேசையில் நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணத்தோடு நிற்கட்டும். சமோசாவும் சர்பத்தும் அன்றாடக் கடமை ஆகவேண்டாம். நம் பெண்களையும் மறந்துவிடக் கூடாது. ஸஹருக்கு முதலில் எழுந்து, இரவில் கடைசியாக உறங்குபவர் அவரே. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது. பள்ளிவாசலுக்கு நடந்துசெல்லும் வாய்ப்பும் அவருக்குக் குறைவு. அவருடைய நடைக்கும் உறக்கத்துக்கும் வழி செய்வது வீட்டு ஆண்களின் கடமை.

ஏற்கெனவே மறதிக்கு ஆளான பெரியவர்கள் நம் வீடுகளில் இருப்பார்கள். ரக்அத் எண்ணிக்கை தவறினாலும், நோன்பென்பதை மறந்து உண்டுவிட்டாலும் அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அறிவு நீங்கியவர் மீது மார்க்கம் சுமத்தாத குற்றத்தை நாம் சுமத்தலாகாது. அவர்களுக்குப் பணிவிடை செய்வதோடு, நம் பிள்ளைகளுக்கு அதே சுமையை விட்டுச்செல்லாதிருக்க இன்றே நம் தட்டையும் நடையையும் சீர்செய்வோம்.

தள்ளாத முதுமையிலிருந்து நம் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஓதியதை இறுதி மூச்சுவரை நினைவில் நிறுத்தும் நஸீபை நமக்குத் தருவானாக! ஆமீன்.