குழந்தையின் கையை விடுங்கள்!

ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். அதையொட்டிப் பள்ளிகளிலும் சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்களிலும் ஓவியக் கண்காட்சிகள் நடக்கின்றன. சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டுகிறார், பெற்றோர் கண்கலங்குகிறார்கள். ஆனால், பல இடங்களில் சுவரில் தொங்குவது என்ன? பத்துத் தாள்களிலும் ஒரே மயில், ஒரே தோகை, கோட்டைத் தாண்டாத ஒரே வண்ணம். அடியில் எழுதிய பெயர் மட்டும் வேறு. குழந்தையின் விரல்களைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் வரைந்த படங்கள் இவை. பார்வையாளரையும் நன்கொடையாளரையும் திருப்திப்படுத்த அரங்கேறும் இந்தப் பொய்க்குக் கலைக் கல்வி என்று பெயர் சூட்டுவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இதில் பெற்றோர் ஏமாறுகிறார்கள், குழந்தையோ காயப்படுகிறது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு எதிர்பாராத தொடுதலே தாங்க முடியாதது. விரலில் ஒட்டும் பசை, போஸ்டர் கலரின் வாடை, பெஞ்சை இழுக்கும் சத்தம் எல்லாம் மற்றவர்களுக்குத் தெரிவதைவிடப் பல மடங்காக அவர்களைத் தாக்கக்கூடும். அப்போது குழந்தை காதைப் பொத்துகிறது, தாளைக் கிழிக்கிறது, எழுந்து ஓடுகிறது. அது அடம் அல்ல. பேச்சு வராத குழந்தை ‘வேண்டாம்’ என்று சொல்லும் வழி அது. அந்த மறுப்பை அமுக்கிவிட்டு வரைய வைக்கும் ஆசிரியர், ‘பெரியவர்கள் உன் உடம்பைப் பிடித்தால் நீ மறுக்கக் கூடாது’ என்ற பாடத்தைத்தான் நடத்துகிறார். சீண்டலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு இதைவிட ஆபத்தான பாடம் இல்லை. பிடிமானம் குறைந்த கைக்கு, குழந்தையின் சம்மதத்தோடு மணிக்கட்டில் லேசாகத் தாங்கல் கொடுத்து, அதையும் படிப்படியாக விலக்கிக்கொள்வது பயிற்சி. மயிலை முடிப்பதற்காக விரலை நெரிப்பது வன்முறை.

பொதுப் பள்ளிகளின் குற்றம் வேறு வகை. அங்கே அந்தக் குழந்தை ஓவிய வகுப்பிலேயே இருப்பதில்லை. ‘கத்துவான், மற்றவர் படத்தைக் கெடுப்பான்’ என்று வராந்தாவில் உட்கார வைக்கிறார்கள். ஓவியப் பீரியடே கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விட்ட பள்ளிகளில் அந்த வராந்தாவுக்கும் தேவையில்லை. மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதற்கு இடமே தரவில்லை. ஆட்டிசம் உட்பட 21 குறைபாடுகளை உள்ளடக்கிய அந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், குழந்தையின் தேவைக்கேற்ற வசதி செய்துதர வேண்டும் என்கிறது. 29-ஆவது பிரிவு இன்னும் தெளிவு: கலை வகுப்புகளில் மாற்றுத் திறனாளிகள் பங்கேற்க வழிசெய்வதும், அதற்கேற்பக் கலைப் பாடங்களை மாற்றி அமைப்பதும் அரசின் கடமை. ஓவியம் வரைவது யாரும் இரங்கிக் கொடுக்கும் சலுகை அல்ல என்று சட்டமே சொல்லிவிட்டது.

ஆசிரியர் எங்கே என்று பள்ளிகள் கேட்கும். அந்தக் கேள்வி அரசை நோக்கியது. நூறு பேருக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக் கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. தமிழகம் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை, வாரம் மூன்று அரை நாள் வேலைக்கு, மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கும் மேல் வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்புப் பயிற்றுநர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் வலியுறுத்தியது. அப்படியும் ஒரே பயிற்றுநர் ஒன்றியத்துப் பள்ளிகளை மாறி மாறிச் சுற்றிவரும் நிலைதான் தொடர்கிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. ‘கணக்கை முடித்தால்தான் க்ரேயான்’ என்று வண்ணத்தைப் பிடுங்கி வைக்கிறார்கள். நகரங்களை நினைவிலிருந்தே வரையும், ஆட்டிசம் உள்ள லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயரின் பள்ளியில் அவரைப் பேசவைக்க வரைபொருட்களை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள், அவர் சொன்ன முதல் சொல் ‘பேப்பர்’ என்று ஆதாரம் காட்டுவார்கள். அந்தத் தாள் அக்குழந்தைக்கு எவ்வளவு பெரிது என்பதற்குத்தான் அது சான்று. பறிப்பதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. வில்ட்ஷயர் போன்றவர்கள் அரிது. எல்லாக் குழந்தைக்குள்ளும் ஒரு மேதையைத் தேடும் பள்ளி, ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடும் பிள்ளையைக் கைவிட்டுவிடுகிறது. அந்த வட்டம்தான் தொடக்கம். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மின்விசிறி வரையக் கொடுங்கள். பசை பிடிக்காதவனுக்குத் தூரிகையோ கையுறையோ கொடுங்கள். இரண்டு நிறங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். வகுப்பு முடியப்போவதைப் படம் காட்டி முன்கூட்டியே சொல்லுங்கள். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவில்லை.

எனவே கோருகிறோம். பெரியவர் கை பட்ட எந்தப் படத்தையும் குழந்தையின் பெயரில் காட்சிக்கு வைக்கக் கூடாது. ஓவியப் பீரியடை வேறு பாடத்துக்குத் தரக் கூடாது என்றும், ஆட்டிசம் உள்ள மாணவரை அதிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றும் பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். ஓவிய ஆசிரியர், சிறப்புப் பயிற்றுநர் பணியிடங்களை முழு ஊதியத்தில் நிரப்ப வேண்டும். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமே இருக்கும்போது, ஓவிய ஆசிரியருக்கு ஆட்டிசம் குறித்துப் பயிற்சி தர வழியில்லை என்ற சாக்கு எடுபடாது. வண்ணங்களைப் பிடுங்கித் தண்டிப்பதை இன்றே நிறுத்த வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். அழகான மயிலைக் கேட்காதீர்கள். தேதியிட்ட கிறுக்கல்களைக் கேளுங்கள். ஆறு மாதத்துத் தாள்களை அடுக்கிப் பார்த்தால் உங்கள் பிள்ளை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று தெரியும். அந்தத் தாள்களைக் காட்ட முடியாத மையம் உங்களிடம் வாங்கும் கட்டணத்துக்குத் தகுதியற்றது. அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போதும் இதே நிலை நீடித்தால், அதை அறியாமை என்று மன்னிக்க முடியாது. அது தெரிந்தே செய்யும் சட்டமீறல்.